காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காவிரியை ஒட்டிய 686.406 சதுர கிலோமீட்டர் காப்புக்காடு, 2022 நவம்பரில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 17ஆவது சரணாலயம் இது. முன்பே அமைந்த காவிரி வடக்குச் சரணாலயத்தைக் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்தோடு இணைக்கிறது. யானை, சிறுத்தை, நாற்கொம்பு மான் ஆகியவற்றோடு, ஆற்றோர நீர்மருது நிழலில் நீர்நாயும் முதலையும் சாம்பல் நிற மலை அணிலும் வாழ்கின்றன. இவ்வளவு வளமுள்ள காட்டுக்குச் சரணாலயத் தகுதி இத்தனை தாமதமாகக் கிடைத்ததற்குக் காரணம் அதன் வரலாற்றில் இருக்கிறது.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளைக் கொண்ட பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கம்பெனி அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே வரி நிர்ணயம் செய்தபோது நிலம்தான் கணக்கில் பெரிதாக இருந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் வந்த பிறகு காடுகள் ஒவ்வொன்றாகக் காப்புக்காடுகளாயின. யாருக்கு வழிநடை உரிமை, யாருக்கு மேய்ச்சல் என்பதெல்லாம் அப்போது எழுதப்பட்டன. இன்றைய சர்ச்சைகள் பலவற்றின் வேர் அந்தப் பழைய கோப்புகளில்தான் இருக்கிறது. வனத்துறையின் பணித்திட்டங்கள் மரத்தையும் சந்தனத்தையும் எண்ணின. விலங்கு அவற்றில் பின்வரிசையில் நின்றது.

சந்தனம் தருமபுரி மாவட்டத்துக்கு விட்டுச்சென்ற வடு ஆழமானது. 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டத்து வாச்சாத்தியில் சந்தன மரத் தேடுதலின் பேரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் பழங்குடி மக்களைத் தாக்கினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், வழக்கு முடியும் முன்பே இறந்துவிட்ட 54 பேர் போக எஞ்சிய 215 பேரையும் 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வாச்சாத்தி சரணாலய எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆனாலும் மக்களோடு கலந்து திட்டமிடுவதாக வனத்துறை சொல்லும்போது, இந்த மாவட்டத்தில் அது எளிதாக நம்பப்படாது. காவிரிக் கரைக் காடுகளோ அதே காலத்தில் சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனைத் தேடும் களமாயின. 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே அவர் கொல்லப்பட்டார்.

சரணாலயத்தின் எதிர்காலம் மேலாண்மைத் திட்டத்தில் அடங்கியிருக்கிறது. வழக்கமாக இது பத்தாண்டுகளுக்கு எழுதப்படுகிறது. நந்திமங்கலம்–உலிபண்டா, கோவைப்பள்ளம்–ஆனேபித்தஹள்ளா என்ற இரண்டு யானை வழித்தடங்கள் இச்சரணாலயத்தோடு தொடர்புடையவை. ராகி விளையும் மாதங்களில் கர்நாடகத்திலிருந்து யானைகள் இந்தப் பக்கம் இறங்குகின்றன. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தப்பின. அகழி வெட்டுவதும் விளைநிலத்துக்கு இழப்பீடு தருவதும் தனித்தனி வேலைகளாக நடந்தால் இந்த மோதல் தீராது.

தீயைப் பற்றிய முடிவு இன்னும் கடினம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1978இல் தேசியக் காப்பகமாக்கப்பட்ட பைன் தரிசுக்காட்டில் சில மரங்களின் காய்கள் தீயின் சூட்டில்தான் திறந்து விதை உதிர்க்கும். அதனால் அங்கே குளிர்காலத்தில் அளவோடு தீ வைப்பதே மேலாண்மையின் ஒரு பகுதி. தருமபுரியின் வறண்ட இலையுதிர் காட்டிலோ தீ என்றால் குற்றம். கோடைக்கு முன்னே தீத்தடுப்புக் கோடுகள் வெட்டப்படுகின்றன. அண்டையிலுள்ள பிளிகிரிரங்கன் மலைச் சோளகர் பழங்குடியினரின் மூத்தோர் வேறொன்று சொல்கிறார்கள்: பருவத்தின் தொடக்கத்தில் சருகை மட்டும் மெல்ல எரிக்கும் 'தரகு பெங்கி' நின்ற பிறகுதான் உண்ணிச்செடி பெருகியதாம். அமெரிக்க முறையை இங்கே நகலெடுக்க முடியாது. ஆனால் அண்டை மலையின் அனுபவத்தைச் சோதித்துக்கூடப் பார்க்காமல் உண்ணிச்செடியை ஆண்டுதோறும் பிடுங்கிக்கொண்டே இருப்பது வீண் செலவு.

எல்லாவற்றிலும் பெரிய முடிச்சு விழுந்திருப்பது மேய்ச்சலில். பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் மாட்டுப்பட்டி போட்டு, மழைக்குப் பின் புல்லைத் தேடி நகரும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக உண்டு. ஒகேனக்கல்லுக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள ஆலம்பாடியின் பெயர் கொண்ட மாட்டினம் இந்த வழக்கத்தில் வளர்ந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் முதலில் எல்லா வனங்களிலும் மேய்ச்சலைத் தடை செய்தது. அடுத்த சில நாள்களில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு தடையைச் சுருக்கியது. அதே ஆண்டு நவம்பரில் இந்தக் காடு சரணாலயமானதும், காப்புக்காடாக இருந்தவரை விலக்குப் பெற்றிருந்த இடம் தடைக்குள் வந்தது. நோய் பரவுதலும் புல்லுக்கான போட்டியும் உண்மையான கவலைகள்தாம். ஆனால் மந்தையின் அளவு, பருவம், நீர்நிலை ஆகியவற்றைத் தீர்மானித்து எழுத வேண்டிய இடத்தில் 'மேய்ச்சல் கூடாது' என்ற ஒற்றை வரியை எழுதினால், ஆட்டைத் தூக்கி மாட்டில் போட்ட கதைதான்: சுமை பக்கத்துக் காப்புக்காட்டுக்கு மாறும்.

2022ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் இதற்கு ஒரு வழி தருகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பொருந்தும் இடங்களில், கிராம சபையைக் கலந்தாலோசித்த பிறகே சரணாலய மேலாண்மைத் திட்டம் தயாரிக்கப்பட வேண்டும். மேய்ச்சல் உரிமை வன உரிமைச் சட்டத்தில் வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளது. நீதிமன்றத் தடையும் இந்த உரிமையும் மோதும் இடத்தைத் திட்டம்தான் முதலில் எதிர்கொள்ள வேண்டும். ஆலம்பாடி இனத்தைக் காக்க அரசு காரிமங்கலத்தில் ஆராய்ச்சி மையம் ஒன்றை நடத்துகிறது. ஆனால் அந்த இனம் வளர்ந்தது காட்டு மேய்ச்சலில்.