கம்பி எட்டாத ஊருக்குப் பிறந்த பேனல்

1952-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டேரில் சாபின் என்ற பொறியாளரிடம் ஒரு சிக்கல் ஒப்படைக்கப்பட்டது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில், மின்கம்பி போகாத இடங்களில் வைத்த தொலைபேசிக் கருவிகளின் பேட்டரிகள் சீக்கிரமே கெட்டுப்போயின. அவற்றுக்கு மாற்று தேட வேண்டும். நம் ஊர் போன்ற வெயில் நாடுகளின் தேவையில்தான் இன்றைய சோலார் பேனலின் விதை விழுந்தது.

சாபின் முதலில் செலினியத்தை முயன்றார். விழுந்த வெயிலில் அரை சதவீதம்கூட மின்சாரமாகவில்லை. அதே ஆய்வகத்தில் கால்வின் ஃபுல்லரும் ஜெரால்ட் பியர்சனும் சிலிக்கானில் பிற தனிமங்களைக் கலந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். செலினியத்தை விட்டுவிட்டுச் சிலிக்கானுக்கு வரும்படி பியர்சன் சொன்னார். சிலிக்கானின் மேற்பரப்பில் போரானை மெல்லிய படலமாக ஊடுருவவிட்டதும் வழி பிறந்தது. 1954 ஏப்ரல் 25-ல் சவர பிளேடு அளவுச் சிலிக்கான் துண்டுகளை வரிசையாக இணைத்து, ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுற்றிக் காட்டினார்கள். திறன் 6 சதவீதம்.

விலைதான் தடை. அதனால் பேனல் முதலில் வானத்துக்குப் போனது. 1958 மார்ச்சில் ஏவப்பட்ட வான்கார்டு-1 செயற்கைக்கோளில் பேட்டரியில் ஓடிய ஒலிபரப்பி சில மாதங்களில் அடங்கிவிட்டது. சூரிய மின்கலத்தில் ஓடியது 1964 வரை பேசியது. 1970-களில் எலியட் பெர்மன் விலையைப் பெரிதும் குறைத்த பிறகு, கடலில் நின்ற எண்ணெய் மேடைகளின் எச்சரிக்கை விளக்குகளுக்குப் பேனல் வந்தது. இந்தியாவில் சாகிபாபாத்தில் உள்ள மத்திய அரசு நிறுவனமான சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் 1977-ல் சோலார் செல் செய்தது. விலை இறங்க இறங்க, பேனல் வேனின் டாப்புக்கும் ஏறிவிட்டது.

வேனிலேயே தங்கிச் சுற்ற பெரம்பலூர், அரியலூர் போல இடமில்லை. சாத்தனூரில் 12 கோடி ஆண்டுப் பழைய கல்மரம், காரையில் கடல் விட்டுப்போன செம்மண் ஓடைகள், கரைவெட்டியில் குளிர்காலப் பறவைகள். பேனலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் இந்த ஊர்களே சொல்லித் தரும்.

காரையின் கோடை வெயிலில் வேன் டாப் கொதிக்கும். பேனல் மேல் அச்சிட்ட வாட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது கிடைப்பது. செல் 65 டிகிரியைத் தொட்டால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். அதனால் டாப்போடு ஒட்டும் வளையும் பேனலைவிட, அடியில் நாலு விரற்கடை காற்று போகும்படி சட்டத்தில் ஏற்றிய கண்ணாடிப் பேனலே இங்கு மேல். டாப்பில் இடம் குறைவு என்பதால், சிறு பரப்பில் அதிக மின்சாரம் தரும் மோனோ (ஒற்றைப் படிகச் சிலிக்கான்) வகையே வாங்குங்கள்.

கரைவெட்டிக்கு ஆள் வருவது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. தொடக்கத்தில் வடகிழக்குப் பருவமழை மேகம். ஆகவே கணக்கைப் போட வேண்டியது சித்திரை வெயிலை வைத்தல்ல, கார்த்திகை மேகத்தை வைத்து. சின்ன ஃபிரிட்ஜுக்கு நாளுக்கு 500 வாட்-மணி, ஃபேனுக்கு 300, விளக்கு, போன், கேமராவுக்கு 100. மொத்தம் 900. நல்ல வெயில் 5 மணி நேரத்துக்குச் சமமாகக் கிடைத்தால், இழப்பு 30 சதவீதம் போக 300 வாட் பேனல் போதும். மேகமூட்டத்தில் அது மூன்றரை மணி நேரமாகக் குறையும். அப்போது 400 வாட் வேண்டும். அதற்கு டாப்பில் சுமார் 2 சதுர மீட்டர் இடம் பிடிக்கும். கூடவே, பேனலின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எம்பிபிடி கண்ட்ரோலரும், 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியும்.

அரியலூர்ச் சாலையில் சிமென்ட், சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசி பேனலில் படியும். காலையில் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். சாலையோரப் புளியமரத்தின் ஒரு கிளை நிழல் விழுந்தாலும் உற்பத்தி சட்டென்று சரியும். வண்டியை நிழலில் நிறுத்தத்தான் மனம் சொல்லும். பகலில் வெயிலில் நிறுத்துங்கள்.

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் உங்கள் ஒரு நாள் செலவை வாட்-மணியில் எழுதுங்கள். அந்தத் தாள் கையில் இல்லாமல் பேனல் வாங்காதீர்கள்.