கோதை மினுக்கிறதுக்கு முதல்

சுட்டு முடிஞ்ச பிறகு துப்பாக்கியிலிருந்து தெறிச்சு விழும் பித்தளைக் குழாயை எங்கட ஊரில் கோது என்பார்கள். புளியங்கோது, கச்சான் கோது மாதிரித்தான். உள்ளுக்கு இருந்தது போய்விட்டது, இனி எறிய வேண்டியது. ஆனால் அமெரிக்காவில் கனபேர் இதைப் பொறுக்கிச் சேர்த்து, கழுவி, மினுக்கி, திரும்ப மருந்து நிரப்பிச் சுடுகிறார்கள். அதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள். இந்தச் சின்னச் சாமானுக்குள் இருக்கிற வரலாற்றைப் பற்றித்தான் இங்கே கதைக்கப் போகிறேன்.

1857இல் இந்தியச் சிப்பாய்கள் கடிக்க மறுத்த என்ஃபீல்ட் தோட்டா, கொழுப்புப் பூசிய கடதாசிச் சுருள். சுட்டால் கடதாசி போய்விடும், மிஞ்ச ஒன்றும் இல்லை. பத்து வருசம் கூட ஆகவில்லை, 1866இல் பிரித்தானியப் படை பொக்ஸர் வடிவமைத்த பித்தளைத் தோட்டாவுக்கு மாறியது. முதலில் மெல்லிய தகட்டைச் சுருட்டித்தான் செய்தார்கள். ஒரே தகட்டை இழுத்து உருவாக்கிய கோது பிறகு வந்தது. செம்பு 70 பங்கு, நாகம் 30 பங்கு. வெடிக்கும்போது இந்தக் கலவை விரிந்து குழலின் பின்பக்கத்தை அடைக்கும், அடுத்த கணம் கொஞ்சம் சுருங்கி வெளியில் வரும். திரும்பத் திரும்பப் பாவிக்க முடிகிறது அதனால்தான். முதலாம் உலகப் போரில் பீரங்கிக் கோதுகளையும் களத்திலிருந்து அள்ளிக்கொண்டுபோய்ச் சுத்தமாக்கி மீண்டும் நிரப்பினார்கள்.

இதில் ஒரு பகிடி. கோதின் அடியில் தீப்பொறி தருகிற சின்னத் தொப்பியை வைப்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஆங்கிலேயரான பொக்ஸரின் முறையை அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கரான பேர்டனின் முறையை ஐரோப்பியர்கள் எடுத்துக்கொண்டார்கள். பொக்ஸர் கோதில் நடுவில் ஒரே துளை, ஒரு ஊசியால் தள்ளினால் பழைய தொப்பி விழுந்துவிடும். பேர்டன் கோதில் பெரும்பாலும் இரண்டு துளை, அதுவும் ஓரத்தில். திரும்ப நிரப்புவது பெரிய தலையிடி.

மினுக்குகிறவர்கள் கோதை அரைத்த சோளப்பொத்தித் தூளோடோ வால்நட் கோதுத் தூளோடோ உருளும் பாத்திரத்தில் போட்டு மணிக்கணக்காகச் சுற்ற விடுவார்கள். பளபளப்பு உண்மையில் தேவையே இல்லை. மண்ணும் கரியும் போனால் சரி, இல்லாட்டி அச்சு கீறுப்படும், கோதில் வெடிப்பு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அமோனியா கலந்த மினுக்கிகளை மட்டும் தொட மாட்டார்கள். அந்தப் பாடம் இந்தியாவில் படித்தது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் சுடாமலே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியா, ஈரக் காற்று, தகட்டை இழுக்கும்போது உள்ளே தங்கிய இறுக்கம், மூன்றும் சேர்ந்த வேலை அது. விளக்கம் 1921இல்தான் வந்தது. எங்கட அம்மம்மாமார் குத்துவிளக்கைப் பழப்புளி போட்டுத் தேய்க்கிறார்களே, அது பித்தளைக்கு அவ்வளவு பொல்லாதது இல்லை. புளியின் அமிலம் மேலே படிந்த கறுப்பைத்தான் கரைக்கும். கனநேரம் ஊறவிட்டால் நாகமும் கரைந்து செம்பு நிறம் தட்டும், அவ்வளவுதான்.

சரி, திருநெல்வேலிக்கு வருவோம். 1983 ஜூலை 23 இரவு 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டது இந்த ஊரில்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். 1987 ஒக்டோபர் 11 இரவு தொடங்கி மறுநாள் வரை எங்கட பல்கலைக்கழக மைதானத்தில் நடந்ததை அவ்வளவு பேர் கதைப்பதில்லை. புலிகளின் தலைமையைப் பிடிக்க இந்தியப் படை ஹெலியில் ஆட்களை இறக்கியது. சீக்கிய இலகு காலாட்படையில் இறங்கிய 30 பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். ரவை முடிந்துபோனது அவர்களின் முடிவுக்கு ஒரு காரணம். அதே நேரத்தில் பக்கத்துப் பிரம்படியில் இந்தியப் படையின் கையில் சனம் செத்தது.

அந்த மண்ணில் விழுந்த கோதுகள் ஒரு ஆவணம். இந்தியப் படையின் எஸ்எல்ஆர் ரவையும் கலாஷ்னிகோவ் ரவையும் ஒரே 7.62 மி.மீ. தான், ஆனால் கோதின் நீளம் ஒன்றில் 51 மி.மீ., மற்றதில் 39. அடியில் பொதுவாகத் தொழிற்சாலைக் குறியும் செய்த வருசமும் இருக்கும். அந்த வருசம் சுட்ட வருசம் இல்லை. அதற்கு முன்னம் சுடவில்லை என்று மட்டும் சொல்லும். வரலாறு படிக்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். பிறகு வந்த சண்டைகளிலும் கலாஷ்னிகோவ் இனத் துப்பாக்கிதான், ஆகவே கோதைத் தனியே பார்த்து ஒன்றும் சொல்லவும் முடியாது. எங்கே, எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதும் வேணும்.

செய்ய முடியாத காரியம் இல்லை. அமெரிக்காவில் 1876இல் லிட்டில் பிக்ஹோர்ன் சண்டை நடந்த இடத்தில் 1983இல் புல் எரிந்து நிலம் வெளித்தது. அடுத்த வருசம் ஆய்வாளர்கள் உலோகங்காட்டியோடு இறங்கி ஒவ்வொரு கோதும் கிடந்த இடத்தைக் குறித்தார்கள். சுடும் ஊசி தொப்பியில் பதித்த தழும்பை வைத்து ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று கண்டார்கள். நூறு வருசத்துக்குப் பிறகு. அந்தத் தழும்பு இருக்கிற தொப்பியைத்தான் திரும்ப நிரப்புகிறவர் முதல் வேலையாகத் தள்ளி எறிகிறார்.

எங்கட பக்கம் கோதுகள் பழைய இரும்புக்காரரிடம் நிறுவையில் போயின. வறுமையில் பொறுக்கிய சனத்தை நான் குறை சொல்லமாட்டேன். பழைய உலோகம் தேடப் போய், வெடிக்காமல் கிடந்ததைத் தொட்டுக் கை கால் போனவர்களும் உயிரே போனவர்களும் உண்டு. மிஞ்சியது சில வீடுகளில் மினுக்கின பூச்சாடியாக, பேனைக் கூடாக இருக்கிறது. பார்க்க வடிவுதான். எங்கே கிடந்தது என்று கேட்டால் "அங்கால எங்கயோ" என்பார்கள்.

முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிறவர்களின் கருவிக்குக் கோதும் ஒன்றுதான், வெடியும் ஒன்றுதான். சத்தம் வந்தால் முழங்காலில் இருந்து கையால் கிண்ட வேணும். மணித்தியாலமாகக் கிண்டி ஒரு வெற்றுக் கோதை எடுக்கிற அந்த ஆளிடம் அது கிடந்த இடத்தையும் எழுதச் சொல்லி யாராவது கேட்கலாம். வரலாற்றுத் துறைப் பிள்ளைகள் கேட்டால் என்ன?