குற்றவாளியின் அருகில் அமர்ந்த துப்பறிவாளர்: ஆங்கிலக் கிறித்தவத் துப்பறியும் புனைகதையின் வரலாற்றில் ஒரு கேள்வி

ஒரு சிற்றூரில் கொலை நிகழ்கிறது. ஊரார் அனைவர்மீதும் ஐயம் படர்கிறது. இறுதியில் துப்பறிவாளர் ஒருவரைச் சுட்டிக்காட்டுகிறார். மற்றவர்கள் விடுதலைப் பெருமூச்சு விடுகின்றனர். இந்தப் பெருமூச்சின் பொருளைக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948ஆம் ஆண்டு ஹார்ப்பர்ஸ் இதழில் எழுதிய கட்டுரையொன்றில் ஆராய்ந்தார். குற்றத்தை ஒருவர்மீது ஏற்றி அவரை வெளியேற்றிவிட்டால் ஊர் மீண்டும் ஏதேன் தோட்டமாகிவிடும் என்னும் கற்பனையே வாசகரை ஈர்க்கிறது என்பது அவருடைய முடிவு. ஆடன் கிறித்தவ நம்பிக்கையுடையவர். ஆகவே அந்தக் கற்பனையை ஒரு மாயமாகவே கண்டார். ஆயினும் தமக்கு முழு நிறைவளித்த துப்பறிவாளர்கள் மூவர் மட்டுமே என்று கூறி, அவர்களுள் ஒருவராக அருட்தந்தை பிரவுனைக் குறிப்பிட்டார். அந்தத் தேர்வு தற்செயலானதன்று. வெளியேற்றுதலை மறுக்கும் ஒரு மரபு அந்தப் பாத்திரத்தோடுதான் வலுப்பெற்றது.

பிரவுனைப் படைத்தவர் ஜி. கே. செஸ்டர்டன். யார்க்‌ஷயரில் அவருக்கு அறிமுகமான ஜான் ஓகானர் என்னும் கத்தோலிக்கக் குருவே அப்பாத்திரத்துக்குத் தூண்டுதல். அவர்களது நட்பின் தொடக்க நாள்களில் நிகழ்ந்ததைச் செஸ்டர்டன் தம் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். மனிதத் தீமையின் இருண்ட ஆழங்களை ஓகானர் அறிந்திருந்தது அவரை வியப்பில் ஆழ்த்தியது. அதன்பின் ஓகானரோடு உரையாடிய கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர், மடத்துக்குள் அடைந்து வாழும் குருமாருக்கு உலகின் தீமை பற்றி என்ன தெரியும் என்று தமக்குள் பேசிக்கொண்டனர். பாவசங்கீர்த்தனம் கேட்கும் ஒருவரைப் பார்த்து இப்படிச் சொல்வதில் உள்ள முரண்நகையே பிரவுன் கதைகளின் வித்து. முதல் கதை 1910இலும், முதல் தொகுப்பு 1911இலும் வெளிவந்தன. 1922இல் செஸ்டர்டன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தபோது அவரை ஏற்றுக்கொண்டவரும் ஓகானரே.

இங்கே ஒரு சொல்லாய்வு உதவும். ஆங்கிலத்தில் காவல் நிலையத்தில் அளிப்பதும் குருவிடம் சொல்வதும் 'கன்பெஷன்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. தமிழிலோ முன்னது ஒப்புதல் வாக்குமூலம், பின்னது பாவசங்கீர்த்தனம். ஒன்று தண்டனைக்கு இட்டுச்செல்கிறது. மற்றது மன்னிப்பைத் தேடுகிறது. பிரவுன் கதைகள் இவ்விரண்டுக்கும் இடையிலேயே நடக்கின்றன. முதல் தொகுப்பிலுள்ள 'கடவுளின் சுத்தியல்' இதற்குத் தக்க சான்று. குன்றின்மேல் அமைந்த சிற்றூரில், பக்திமிக்க உதவிக் குரு வில்ஃபிரட், ஒழுக்கங்கெட்ட தன் அண்ணனைத் தேவாலயக் கோபுரத்தின் உயரத்திலிருந்து சுத்தியலை வீழ்த்திக் கொல்கிறார். உண்மையைக் கண்டறிந்த பிரவுன் அதனை வெளியிடுவதில்லை. பழியை வில்ஃபிரட் கொல்லர்மீதோ அவர் மனைவிமீதோ சுமத்தவில்லை, தண்டனைக்கு உள்ளாகமாட்டான் என்று கருதிய மனவளர்ச்சி குன்றிய ஒருவன்மீதே திருப்ப முயன்றார் என்பதையும் பிரவுன் கவனிக்கிறார். அதில் எஞ்சியிருந்த நன்மையைக் காண்கிறார். முடிவு வில்ஃபிரட்டிடமே விடப்படுகிறது. அவர் தாமாகக் கீழிறங்கிக் காவல் அதிகாரியிடம் சரணடைகிறார்.

1927இல் வந்த தொகுப்பில் பிரவுன் தம் வழிமுறையை விளக்குகிறார். ஒவ்வொரு கொலையையும் தாமே செய்ததாக அவர் கூறுவது கேட்பவரைத் திடுக்கிடச் செய்கிறது. கொலைகாரனின் மனநிலை தம்முள் முழுமையாக உருவாகும்வரை சிந்திப்பதே அதன் பொருள். குற்றவாளியை வெளியிலிருந்து ஆராயும் அறிவியலை அவர் ஏற்பதில்லை. இதற்கு உயிருள்ள சான்றாக நிற்பவர் ஃபிளாம்போ: முதல் கதையில் திருடர், பின்னர் துப்பறிவாளர், இறுதிவரை பிரவுனின் நண்பர். தண்டனையும் அறிவுரையும் அவரை மாற்றவில்லை. அவர் திருடியது ஏன் என்பதை உள்ளிருந்து அறிந்த ஒரு நண்பரே மாற்றினார்.

டோரதி எல். சேயர்ஸ் இதே சிந்தனையை ஓர் ஊர் முழுமைக்கும் விரித்தார். ஆங்கிலிக்கன் குருவின் மகளான அவர் வளர்ந்தது ஃபென் சதுப்புநிலப் பகுதியில். அந்நிலத்தையே களமாகக் கொண்ட 'தி நைன் டெய்லர்ஸ்' 1934இல் வெளிவந்தது. பிறர் கல்லறையில் கிடைத்த உடலின் மர்மம் பல திருப்பங்களுக்குப் பின் அவிழ்கிறது. மணிக்கூண்டில் கட்டப்பட்டிருந்த அம்மனிதன், புத்தாண்டு இரவில் ஒன்பது மணிநேரம் ஒலித்த தேவாலய மணிகளின் பேரோசையால் இறந்தான். கயிற்றை இழுத்தவர் எவருக்கும் அது தெரியாது. நோயுற்ற ஒருவருக்கு மாற்றாக அன்றிரவு மணியடித்தவர்களுள் துப்பறிவாளர் பீட்டர் விம்சியும் ஒருவர். பிரவுன் கற்பனையில் ஏற்ற பங்கு விம்சிக்கு உண்மையிலேயே நேர்கிறது. குற்றத்துக்கு வெளியே நின்று சுட்டிக்காட்ட அந்த ஊரில் எவருமில்லை.

இந்த மரபைப் போற்றும்போது அதன் எல்லையையும் இந்திய வாசகர் காணவேண்டும். முதல் தொகுப்பிலேயே உள்ள 'தவறான வடிவம்' கதையில் இந்துத் துறவி ஒருவர் ஐயத்துக்கு உள்ளாகிறார். கொலைகாரர் ஆங்கில மருத்துவர். அவர் பிரவுனுக்குக் கடிதமாகவே ஒப்புதல் அளிக்கிறார். இந்தியர் குற்றமற்றவர் என்று நிறுவப்படுகிறார். ஆனால் கீழைக் கலையின் வடிவங்களிலேயே தீமை உறைகிறது என்னும் பிரவுனின் கூற்றைக் கதை திரும்பப் பெறுவதில்லை. ஆங்கிலேயக் கொலைகாரனின் உள்ளத்துக்குள் நுழையத் தயங்காத குரு, குற்றமே செய்யாத அயலாரின் உள்ளத்துக்குள் நுழைய முயல்வதில்லை.

'நானும் அவனே' என்னும் வழிமுறை எவரிடம் தொடங்கி எவரிடம் நின்றுபோனது என்பதை ஆராயாமல் இம்மரபின் வரலாறு முழுமை பெறாது. அந்த ஆய்வுக்குரிய அளவுகோலையும் அம்மரபே நமக்குத் தந்திருக்கிறது.