படகுத்துறையில் யார் சொல் செல்லும்? பட்டர்வொர்த்தும் பேரிடர் காலக் காவல் உதவியும்

1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாக் கூட்டமும் குவான் யின் வழிபாட்டுக் கூட்டமும் மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்திலுள்ள சுல்தான் அப்துல் ஹலிம் படகுத்துறையில் ஒன்றாகக் குவிந்தன. மாலை நான்கரை மணியளவில் பயணிகள் நின்றிருந்த மேல்தளம் சரிந்தது. 32 பேர் மாண்டனர், 1,634 பேர் காயமுற்றனர். ஒரு மாவட்டக் காவல் தலைமையகம் தன் ஆட்களை மட்டும் வைத்துச் சமாளிக்கக்கூடிய எண்ணிக்கையல்ல இது.

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் தனிக் காவல்துறை உண்டு. வெள்ளமோ தீயோ வந்தால் யார் யாருக்கு ஆள் அனுப்புவது, செலவு யாருடையது என்று அண்டை ஊர்கள் முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதிக்கொள்கின்றன. பினாங்கில் அப்படியோர் ஆவணத்தைத் தேடிப் போகும் ஆய்வாளர் வெறுங்கையோடு திரும்புவார். மலேசியாவில் காவல் படை ஒன்றே, அதுவும் மத்திய அரசின் கையில். தீவிலுள்ள ஜார்ஜ்டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்குக் காவலர் வர மாநிலக் காவல் தலைவரின் உத்தரவு போதும். சிக்கல் காவல் நிலையங்களுக்கு இடையில் இல்லை. சீருடைகளுக்கு இடையில் இருந்தது. போலீஸ், தீயணைப்பு, ராணுவம், மருத்துவம் எல்லாம் ஒரே இடிபாட்டில் வந்து நிற்கும்போது யார் சொல் செல்லும்?

வெளியிலிருந்து ஆள் வரவழைக்கும் வழக்கம் இங்கே பழையதுதான். 1867 ஆகஸ்டில் கீ ஹின், தோ பே கோங் என்ற சீன ரகசியச் சங்கங்களும், அவற்றோடு முறையே கைகோத்த வெள்ளைக்கொடி, செங்கொடி முஸ்லிம் கூட்டங்களும் பினாங்கில் பத்து நாள் மோதின. உள்ளூர்ப் போலீசால் அடக்க முடியவில்லை. துணை ஆளுநர் ஆன்சன் சிப்பாய்களை இறக்கினார், ஆட்சித் தலைமையிடமான சிங்கப்பூரிலிருந்தும் படை வந்தது. உதவி பக்கத்து ஊரிலிருந்து வருவதில்லை, மேலிருந்து வருகிறது என்ற தடம் அப்போதே பதிந்துவிட்டது எனலாம்.

படகுத்துறை விபத்தை அரச விசாரணை ஆணையம் ஆராய்ந்தது. ஆனால் மீட்புப் பணியின் அமைப்பு மாறுவதற்கு இன்னொரு துயரம் நேர வேண்டியிருந்தது. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தனர். மறு ஆண்டு போலீஸ், தீயணைப்பு, ராணுவம் மூன்றிலிருந்தும் ஆள் எடுத்து 'ஸ்மார்ட்' சிறப்பு மீட்புக் குழு உருவானது. 1997 மே மாதம் பேரிடர் நிர்வாகம் பற்றிய தேசிய பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் ஆணை வெளிவந்தது. வழக்கமாக இந்த மாற்றத்தை ஹைலண்ட் டவர்ஸிலிருந்தே தொடங்குவார்கள். பட்டர்வொர்த்தை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது முதல் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகம் படிப்பது போலத்தான் எனக்குப் படுகிறது.

அந்த ஆணை பேரிடரை மாவட்டம், மாநிலம், நாடு என மூன்று நிலைகளாக வகுத்தது. அதன்படி மாவட்ட நிலையில் நிர்வாகக் குழுவுக்கு மாவட்ட அதிகாரி தலைவர். விபத்துக் களத்திலோ மாவட்டக் காவல் தலைவரே தளபதி, தீயணைப்பு அதிகாரி அவருக்கு அடுத்தவர். களத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்களாகப் பிரித்து, சிவப்புக்குள் மீட்புப் படையினரை மட்டும் விட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஆம்புலன்ஸை மறிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோடுகளின் அருமை புரியும்.

2015 அக்டோபரில் தேசிய பேரிடர் நிர்வாக முகமை 'நட்மா' பிறந்து, ஒருங்கிணைப்புப் பொறுப்பை ஏற்றது. இரண்டு ஆண்டுகளில் பினாங்குக்குச் சோதனை வந்தது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பேய்மழை கொட்டி, தீவும், பட்டர்வொர்த் அடங்கிய பெருநிலப் பகுதியான செபராங் பிறையும் மூழ்கின. அதிகாலையில் முதலமைச்சர் லிம் குவான் எங் துணைப் பிரதமர் அகமட் சாஹிட் ஹமிடியைத் தொலைபேசியில் அழைத்து ராணுவத்தை அனுப்பும்படி கேட்டார். ராணுவமும் வந்தது. பட்டர்வொர்த்திலேயே விமானப்படைத் தளம் இருக்கிறது, கூப்பிடு தூரம். ஆனாலும் அந்த அழைப்பு மத்திய அரசுக்குத்தான் போக வேண்டியிருந்தது.