பாதை என்றால் ரோட்டு மட்டுமல்ல



2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துப்போய், வாப்பாவின் பழைய லுமாலா சைக்கிளைத் துடைத்து எடுத்தோம். பாடசாலைக்கு மிதித்த அந்தப் பழக்கம் பிறகும் விடவில்லை. கச்சான் காலத்து விடுமுறை ஒன்றில் கிண்ணியாவிலிருந்து பொத்துவில் வரை கடலோரமாக, தனியாக, நான்கு நாட்கள் மிதித்தோம். 200 கிலோமீற்றருக்கும் மேல். ('நாம்' என்று எழுதினாலும் சீற்றில் இருந்தது ஒருவர்தான்!)

பயணக் கதை சொல்ல இதை எழுதவில்லை. நம் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு வரலாற்றைச் சொல்லவே எழுதுகிறோம்.

நமது பகுதியில் 'பாதை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று வீதி. மற்றது, ஆற்றையும் களப்பையும் கடக்க ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவை. திருகோணமலை - மட்டக்களப்பு வீதியில் ஒரு காலத்தில் இந்த இரண்டாவது பாதை இல்லாமல் முதலாவது பாதையே இல்லை. கிண்ணியா, கங்கை, வெருகல், பனிச்சங்கேணி என்று ஒவ்வொரு இடத்திலும் இறங்கிக் காத்திருக்க வேண்டும். மாரியில் மகாவலி பெருகினால் பாதை நிற்கும். பாதை நின்றால் நோயாளியும் நிற்க வேண்டும், கலியாண வீட்டாரும் நிற்க வேண்டும், சோதனை எழுதப் போகும் பிள்ளையும் நிற்க வேண்டும்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. சவூதி அரேபியாவின் நிதியுதவி. நீளம் 396 மீற்றர், அன்று நாட்டிலேயே மிக நீளமான பாலம். சைக்கிளில் அதைக் கடக்க நமக்கு இரண்டு நிமிடம் போதும். மூத்தாப்பா சொல்வார், சில நாட்களில் அவருக்கு அரை நாள் போய்விடுமாம்.

வெருகல் தாண்டி ஒரு தேத்தண்ணிக் கடையில் சைக்கிளைச் சாத்தினோம். வயதான ஐயா ஒருவர், "தம்பி, தனியாவா வாறீங்க?" என்று கேட்டார். பழைய பாதைக் கதையைத் தொட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "பாலம் வந்தது லேசுதான் தம்பி. ஆனா பாதைக்கு நிக்கக்குள்ள தமிழாக்களும் சோனகரும் ஒண்டாத்தான் நிண்டம். பீடியும் சோத்துப் பார்சலும் கை மாறும்."

அந்தச் சொல் பனிச்சங்கேணி வரை நம்மோடு வந்தது. ஒன்றாக நின்ற அதே மக்கள்தான் பிறகு ஒருவர் ஊருக்குள் ஒருவர் போகப் பயந்தோம். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் கையில் கிடைத்ததோடு ஊரை விட்டு வெளியேறினார்கள். இரு தரப்பிலும் அப்பாவிகளை இழந்தோம். அந்த வருடங்களில் இந்த வழியால் ஒருவர் தனியாகச் சைக்கிளில் போவதை நினைத்தும் பார்க்க முடியாது. இன்று வாகரையில் தண்ணீர் கேட்டோம், செம்பு நிறையத் தந்தார்கள்.

ஓட்டமாவடி, ஏறாவூர் கடந்து கல்லடி. ஆளுநர் மேனிங்கின் மனைவி பெயரில் அமைந்த பழைய ஒடுங்கிய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013 இல் புதிய பாலம் வந்தது. 2014 இல் மண்முனைப் பாதையும் பாலமானது. கல்முனை, அக்கரைப்பற்று தாண்டிப் பொத்துவில் சேர்ந்தோம். அங்கே 2004 சுனாமி அறுகம்பைப் பாலத்தைச் சிதைத்ததையும், பிறகு புதுப்பாலம் வந்ததையும் சனங்கள் நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார்கள்.

எல்லாம் பாலமாகிவிட்டது, பாதை பழைய கதை என்று நாமும் நினைத்திருந்தோம். 2021 நவம்பர் 23 அதைப் பொய்யாக்கியது. குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாத நிலையில் ஓடிய மிதவை கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் மௌத்தானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். காலையில் வரவு இடாப்பைத் திறக்கும் ஆசிரியருக்கு அதன் வலி தெரியும்.

ஒரு பாலம் தாமதித்தால் என்ன விலை என்று அறிய, முன்னர் பாதை எப்படி ஓடியது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டு மூத்தாப்பா, மூத்தம்மாவிடம் இன்றைக்கே கேளுங்கள். எங்கே நின்றார்கள், யாரோடு நின்றார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பழைய படம் இருந்தால் அனுப்புங்கள். பிள்ளைகளுக்குக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.