ஒற்றி: மீட்கும் வழியோடு கொடுப்பதன் பெயர்

மதுரைப் பக்கம் வீட்டு வாசலில் 'ஒத்திக்கு' என்று பலகை தொங்கும். சென்னையில் அதையே 'லீஸ்' என்பார்கள். வேறு சில ஊர்களில் 'போக்கியம்' என்றால்தான் புரியும். மூன்றும் ஒரே ஏற்பாடுதான். குடிவருபவர் ஒரு பெருந்தொகையைக் கொடுக்கிறார், மாத வாடகை கிடையாது. இரண்டோ மூன்றோ ஆண்டு கழித்துப் பணம் திரும்பி வரும், வீடு உரியவரிடம் போகும். இந்த ஒத்தியின் எழுத்து வடிவம் ஒற்றி. பொருளியலாரும் கணினி அறிவியலாரும் கடந்த அறுபது ஆண்டுகளாக நுணுக்கமாக ஆராய்ந்துவரும் கருத்தொன்று இந்தச் சிறிய சொல்லுக்குள் இருக்கிறது. அதனால்தான் இதன் வரலாற்றைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஒற்றி ஒத்தியானதில் வியப்பில்லை. காற்று காத்தாகவும் நேற்று நேத்தாகவும் ஒலிக்கும் அதே பேச்சு வழக்கு இது. சுளுக்கிய காலுக்கு நாம் கொடுக்கும் ஒத்தடமும் ஏட்டில் ஒற்றடம்தான். எல்லாவற்றுக்கும் அடி 'ஒற்று' என்னும் வினை. மெல்ல அழுத்து, படியவை, சேர்த்து வை என்று அதன் பொருள்கள் விரியும். திருநீற்றுப் பையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்கிறோம். ஒற்றும்போது இரண்டு பொருள்கள் படிகின்றன, பிறகு பிரிந்துவிடுகின்றன. ஒட்டுவதற்கும் ஒற்றுவதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். ஒருவர் நிலம் இன்னொருவர் கையில் படிந்திருக்கிறது, ஆனால் ஒட்டிப்போய்விடவில்லை என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான வினை இல்லை என்பது என் எண்ணம்.

அண்டை மொழிகளும் இதற்குத் துணை நிற்கின்றன. மலையாளத்திலும் அது ஒற்றிதான். கன்னடத்தில் 'ஒத்தெ' என்றால் ஈடு, அடகு. பிணைக்கைதியைக் கன்னடர் 'ஒத்தெயாளு' என்கிறார்கள். பணமோ வாக்குறுதியோ நிறைவேறினால் ஆள் திரும்பி வருவான் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

ஊர்ப் பெயர் ஒன்றும் இதில் உண்டு. சென்னையின் வடகோடியில் இருக்கும் திருவொற்றியூருக்குத் தலபுராணம் சொல்லும் காரணம் வேறு: ஊழி வெள்ளத்தை இறைவன் ஒற்றி விலக்கிய இடம். ஆனால் அடமானப் பொருளை மக்கள் மறக்கவில்லை. வள்ளலார் 'இங்கித மாலை'யில் ஒற்றியூர்ப் பெருமானையும் ஒற்றி என்னும் சொல்லையும் வைத்து வரிசையாகச் சிலேடை செய்கிறார். அங்குள்ள இறைவனின் இன்னொரு பெயர் ஆதிபுரீசுவரர். 'ஆதி' என்று தமிழில் எழுதினால் முதல் என்றுதான் நினைப்போம். வடமொழியிலோ இரண்டு ஆதிகள் உண்டு. மென்மையாக ஒலிக்கும் ஆதிக்கு முதல் என்று பொருள். மூச்சழுத்தி ஒலிக்கும் ஆதிக்கு ஈடு, அடமானம் என்று பொருள். ஆதிபுரியை ஒற்றியூரின் நேர் மொழிபெயர்ப்பாகவே படிக்கலாம். தமிழ் எழுத்து இரண்டு ஒலிகளையும் ஒரே எழுத்தில் அடக்கியதால், ஈட்டூர் தொல்லூராகத் தெரிகிறது.

அந்த வடமொழி ஆதியைச் சட்ட நூல்கள் இரண்டாகப் பிரித்தன. பூட்டிவைத்துக் காக்க வேண்டிய ஈடு ஒன்று, பயன்படுத்தி நுகரலாம் என்ற ஈடு இன்னொன்று. இரண்டாவதன் பெயர் 'போக்ய'. நம் போக்கியம் வந்த வழி இதுவே. யாக்ஞவல்கிய ஸ்மிருதி ஒரு விதி சொல்கிறது: கடன் இரட்டிப்பாகியும் மீட்காவிட்டால் மற்ற ஈடு கைவிட்டுப் போகும், ஆனால் விளைச்சலை நுகரும் ஈடு ஒருபோதும் அழிவதில்லை. கடன் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாக விளைச்சலைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாரே, பிறகு நிலத்தையும் எப்படிக் கேட்பார் என்ற நியாயம் அதில் இருக்கிறது. 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்தது. அனுபவ அடமானத்தில், அடமானம் எழுதிய நாளிலிருந்து காலவரம்பை எண்ணி, முப்பது ஆண்டு ஆகிவிட்டது, இனி மீட்க முடியாது என்று சொல்லக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு.

இனி எதிர்ப்பக்கத்துச் சொற்கள். சோழர் கால விற்பனைக் கல்வெட்டுகளில் 'பொருள்மாவறுதிப் பொருட்செலவோலை' என்ற நீண்ட தொடர் வழக்கமாக வரும். பணம் முழுதும் கொடுத்துத் தீர்ந்தது, இனி வேறு ஓலை காட்ட வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. அதில் அழுத்தம் விழுவது 'அறுதி'யில். அறுந்துவிட்டது, திரும்பாது. இன்றும் பத்திர எழுத்தர்கள் 'சுத்தக் கிரயம்' என்று எழுதுவது இதைத்தான். 'தாரை வார்த்தல்' இன்னும் வலுவானது, ஊற்றிய நீரை அள்ள முடியாதே. மலபாரில் நிலத்தை முற்றாக விற்பதை 'அட்டிப்பேறு' என்றார்கள். அட்டுதல் என்றால் ஊற்றுதல். நீர் ஊற்றிப் பெற்ற உரிமை அது.

அறுதிக்கும் வெறும் கடனுக்கும் நடுவே மலபார் மக்கள் பல படிகளை வைத்திருந்தார்கள். காணம், ஒற்றி, அதற்கு மேலும் சில. படி ஏற ஏற நில உடைமையாளர் வாங்கும் தொகை கூடும், திரும்பிப் பெறும் உரிமை மெலியும். ஒற்றியில் ஏறத்தாழ விற்பனை விலையே கைக்கு வந்துவிடும், மீட்கும் உரிமை ஒன்றே மிஞ்சும். அவர் மேற்கொண்டு விற்க நினைத்தால் முதலில் ஒற்றிக்காரரைத்தான் கேட்க வேண்டும். ஒற்றியின் ஒரு வகையான பெருவர்த்தத்தில் இன்னொரு கட்டு உண்டு. அன்று வாங்கிய தொகையைக் கொடுத்து நிலத்தை மீட்க முடியாது. மீட்கும் நாளில் நிலம் என்ன விலை போகிறதோ அதைக் கொடுக்க வேண்டும். கதவு திறந்தே இருக்கிறது, ஆனால் நுழைவதற்கான விலை ஏறிக்கொண்டே போகிறது.

யாழ்ப்பாணத் தேசவழமை விலைக்குப் பதிலாகப் பருவத்தைப் பார்த்தது. ஒல்லாந்து அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் அந்த வழக்கங்களைத் தொகுத்தபோது, பன்னிரண்டு முதலியார்கள் படித்துச் சரிபார்த்தார்கள். அதில் ஒற்றிக்குத் தனி இடம் உண்டு. ஒற்றி வைத்த நிலத்தை நினைத்த நாளில் மீட்க முடியாது. நெல் வயலுக்கு ஒரு காலம், பனைக்கு வேறொரு காலம் என்று வகுத்திருக்கிறது. எருப் போட்டு உழுதவன் பலனை எடுக்கும் முன் நிலத்தைப் பிடுங்கக் கூடாது என்பது உழவர் நீதி. மீட்பு என்பது ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களில் முடிவதல்ல, எப்போது, எவ்வளவுக்கு, யாரிடமிருந்து என்ற கேள்விகளோடு சேர்ந்தது என்பதை இந்த வழக்கங்களை வகுத்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

பொருளியல் இதற்குத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. முதலீட்டைப் பற்றிய பழைய கணக்குகள், போட்ட முதலை வேண்டாதபோது அதே விலைக்கு எடுத்துவிடலாம் என்பதுபோல் எழுதப்பட்டன. கென்னத் ஏரோ 1968இல் மறுகோடியை எடுத்துக்கொண்டார்: போட்டால் போட்டதுதான், திரும்ப எடுக்கவே முடியாது. 1996இல் ஆண்ட்ரூ ஏபெல், ஜேனிஸ் எபெர்லி இருவரும் நடுவில் நின்று கணக்கிட்டார்கள். இயந்திரத்தை விற்கலாம், ஆனால் வாங்கிய விலையைவிடக் குறைந்த விலைக்கு. அந்த இரு விலைகளின் இடைவெளி பெருகப் பெருக, முதல் போடவும் விலகவும் நிறுவனம் தயங்கும். வலெரி ரேமியும் மேத்யூ ஷபீரோவும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மூடப்பட்ட கலிஃபோர்னிய விமானத் தொழிற்சாலைகளின் இயந்திரங்கள் என்ன விலைக்குப் போயின என்று பார்த்தார்கள். தேய்மானத்தைக் கழித்த பிறகும் பெருத்த இழப்பு. எந்த அளவுக்கு ஓர் இயந்திரம் ஒரே வேலைக்கென்று செய்யப்பட்டதோ அந்த அளவுக்கு இழப்பும் கூடியிருந்தது.

கணினிக்காரர்களோ நேராக ஆவணங்களின் உலகத்திலிருந்தே கடன் வாங்கினார்கள். தரவுத்தளங்களின் முன்னோடியான ஜிம் கிரே 1981இல் எழுதிய கட்டுரையில், 'டிரான்சாக்ஷன்' என்ற தங்கள் கருத்து ஒப்பந்தச் சட்டத்திலிருந்து வந்தது என்று வெளிப்படையாகவே சொல்கிறார். உறுதிசெய்யும் வரை எதையும் அழித்துவிட்டுப் பழைய நிலைக்குப் போகலாம், உறுதிசெய்துவிட்டால் அது அறுதி. ஆனால் உலோகத்தில் துளை போட்டுவிட்டால் எந்த மென்பொருள் அதை மூடும்? நீண்ட நேரம் நடக்கும் வேலைகளுக்காக எக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும் 1987இல் 'சாகா' என்ற முறையை முன்வைத்தார்கள். அதில் ஒவ்வொரு படிக்கும் எதிராக ஈடுசெய்யும் படி ஒன்றை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். முன்பதிவை ரத்துசெய்தால் இருக்கை திரும்பும், கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பாது. நடந்தது நடக்காததாகிவிடாது, சரிக்கட்டப்படும், அவ்வளவுதான்.

இந்த வரிசையில் நான் பெரிதும் மதிப்பது ஏரீஸ் என்னும் தரவுத்தள மீட்பு முறை. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றிய சி. மோகனும் அவருடைய சகாக்களும் 1992இல் வெளியிட்டது. பகுதியளவு பின்வாங்கல் என்பது அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது. ஒரு வேலையை முழுதாகக் கைவிடாமல், குறித்துவைத்த ஓர் இடம் வரை மட்டும் திரும்பிப் போகலாம். முறையின் அடிப்படை ஒரே விதி: தரவில் செய்த மாற்றம் வட்டில் நிலைபெறும் முன், அதைப் பற்றிய குறிப்பு பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். இன்னும் அழகான விதி ஒன்றும் உண்டு. பின்வாங்கும்போது பழைய குறிப்பை அழிப்பதில்லை. பின்வாங்கியதையும் ஒரு புதிய குறிப்பாகவே எழுதுகிறார்கள். நடுவில் மின்சாரம் போனாலும், எதுவரை மீட்டாயிற்று என்பது பதிவேட்டைப் பார்த்தால் தெரியும், மீட்டதையே மறுபடி மீட்கும் குழப்பம் வராது.

பதிவு முந்த வேண்டும் என்ற அந்த விதி ஒத்திப் பணம் கொடுப்பவருக்கும் பொருந்தும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, நூறு ரூபாயோ அதற்கு மேலோ கடன்தொகை உள்ள இத்தகைய அடமானம் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு பதிவுசெய்யப்பட்ட ஆவணமாக இருக்க வேண்டும். குத்தகையாக எழுதினாலும் ஓராண்டுக்கு மேற்பட்டால் பதிவு கட்டாயம். ஆனாலும் இன்று நகரங்களில் பல லட்ச ரூபாய் ஒத்தி வெறும் முத்திரைத்தாளில், பதிவில்லாமல் கைமாறுகிறது. அதே வீட்டின் மீது ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால், பணம் கொடுத்துக் குடியேறியவருக்கு ஏலம் அறிவிக்கும் நாளில்தான் அது தெரியவரும். ஆகவே ஒத்திக்கு வீடு பார்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வில்லங்கச் சான்று வாங்கிப் பாருங்கள், ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்யுங்கள், அதற்குப் பிறகு பணத்தைக் கொடுங்கள்.