ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே: குளியலறைச் சாந்தின் வரலாறு

குளியலறைச் சுவரில் டைல் ஒட்டும் சாந்துக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கடமைகள் உண்டு: இறுகும்வரை தனக்குத் தேவையான நீரை அது பிடித்து வைத்திருக்க வேண்டும், இறுகிய பின்னர் நீரில் ஊறினாலும் இளகாது நிற்க வேண்டும். பழைய சுண்ணாம்புக் காரை இரண்டாவது கடமையிலேயே தடுமாறியது, ஏனெனில் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாவதால், ஈரம் வடியாத சுவரில் நெடுங்காலம் பச்சையாகவே கிடக்கும். ரோமர்கள் இதற்குச் சுட்ட மண்ணில் தீர்வு கண்டனர். ஈரமான அறைகளில் மணலுக்கு மாற்றாக ஓட்டுத் தூளைச் சேர்க்குமாறு கி.மு. முதல் நூற்றாண்டின் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் தம் நூலின் ஏழாம் பகுதியில் கூறுகிறார். சுட்ட களிமண்ணின் சிலிக்கா சுண்ணாம்புடன் வினைபுரிவதால் அக்கலவை காற்றின் துணையின்றி ஈரத்திலும் இறுகியது. இந்தியாவில் சுர்க்கி எனப்பட்ட செங்கல் தூளின் பயனும் இதுவே. 1895-இல் முடிக்கப்பட்ட பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து எழுப்பப்பட்டது. செட்டிநாட்டு வீடுகளில் ஜப்பானியப் பூவேலை டைல்கள் இன்றும் சுவரோடு நிற்பதைச் சுட்டிப் பழங்காரையின் பெருமை பேசுவோர் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் நீர் தெறிக்காத இடங்களில் பதிக்கப்பட்டவை, ஆதலால் குளியலறைக்கு அவை சான்றாகா.

1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டு, நீருடன் வினைபுரிந்தே இறுகுவது என்பதால் இரண்டாவது கடமையை எளிதாக நிறைவேற்றியது. 1840-இல் ரிச்சர்ட் பிராசர், ஈரமற்ற களிமண் தூளை அச்சில் அழுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற, அதை மின்டன் நிறுவனம் டைல் தொழிலில் கையாண்டதால், கோணலற்ற தட்டையான டைல்கள் பெருமளவில் கிடைத்தன. இந்தியாவில் 1904-இல் சென்னையில் சிமெண்டு தயாரிக்க முயன்று தொடர முடியாது போன பின், 1914-இல் போர்பந்தர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது.

எனினும் சிமெண்டு முதற்கடமையில் தவறியது. நுண்துளை மிக்க டைலும் காய்ந்த சுவரும் இருபுறமிருந்தும் நீரை உறிஞ்சிவிட்டால், வினை முடியுமுன்பே சாந்து வறண்டு பொடியாகும். ஆகவே கொத்தனார்கள் டைலை நீரில் ஊறவைத்து, சுவரை நனைத்து, ஒரு சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட கனத்தில் சாந்தை அப்பி, அதன்மேல் சிமெண்டுப் பால் தடவிப் பதித்தனர். கனம் இங்கே வலிமைக்காக அன்று, நீரின் சேமிப்பாகவே தேவைப்பட்டது.

அந்தச் சேமிப்பை வேறு வழியில் தந்ததுதான் இத்துறையின் உண்மையான திருப்பம். அமெரிக்க டைல் கவுன்சிலுக்காக ஹெர்மன் வாக்னர் 1950-களில் உருவாக்கிய கலவையில், தாவர நாரிலிருந்து எடுக்கப்படும் மெத்தில் செல்லுலோஸ் சிறிதளவு சேர்க்கப்பட்டது. அது நீரைக் கட்டிப்பிடித்துக்கொள்வதால், மூன்று மில்லிமீட்டர் அளவிலான சாந்தே முழுமையாக இறுகியது, டைலை ஊறவைக்கும் வேலையும் ஒழிந்தது. 1956-இல் ஹென்றி ராத்பர்க் தொடங்கிய லாட்டிக்ரீட் நிறுவனம் லேடெக்ஸ் எனும் பால்மத்தைச் சிமெண்டில் கலந்து நெகிழ்வைக் கூட்டியது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் வாக்கர் நிறுவனம், உலர்ந்த தூளாக இருந்து நீர் பட்டதும் மீண்டும் பாலாகும் பிசினைக் கண்டறிந்தது. மூட்டையைப் பிரித்து நீர் மட்டும் ஊற்றிக் குழைக்கும் இன்றைய டைல் அட்ஹெசிவ் இதனால்தான் இயன்றது.

இந்தப் பிசின் நெடுங்காலம் ஆடம்பரமாகத் தோன்றியிருக்கலாம். அதைக் கட்டாயமாக்கியது டைலே. சாதாரணச் சுவர் டைல் தன் எடையில் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் நீரை உறிஞ்சும், ஆகவே சிமெண்டின் படிகங்கள் அதன் துளைகளில் வேரூன்றும். போர்சலின் டைலோ அரை விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சாது. வேரூன்ற இடமில்லாத அப்பரப்பைப் பிசின்தான் பற்ற வேண்டும். அத்தகைய டைலையும் பழக்கத்தால் வாளியில் முக்கி எடுத்துச் சிமெண்டுப் பாலில் பதிப்பது, ஒரு காலத்தின் அறிவு மறுகாலத்தின் பிழையாவதற்கு நல்ல எடுத்துக்காட்டு: பின்புறத்தில் நிற்கும் நீர்ப்படலம் சாந்தை ஒட்டவிடாது.

ஐரோப்பாவின் இஎன் 12004 தரம் ஒட்டுப்பொருள்களை மூன்றாகப் பிரிக்கிறது. சி என்பது சிமெண்டு வகை. அதன் இரண்டாம் படி, சதுர மில்லிமீட்டருக்கு 1 நியூட்டன் இழுவிசையைத் தாங்க வேண்டும், முதற்படிக்கு அதில் பாதி போதும். டி என்பது குழைத்தே விற்கப்படும் பசை, ஆர் என்பது எப்பாக்சி முதலான வேதிப்பிசின். இவற்றுள் டி வகை தன் நீரை வெளியேற்றியே இறுகுவதால், நீர்காப்புப் பூசிய சுவருக்கும் போர்சலின் டைலுக்கும் நடுவே அகப்பட்டால் மாதக்கணக்கில் காயாது. பழைய சுண்ணாம்பின் குறை வேறு உருவில் திரும்பி வருகிறது. குளியலறைக்கு அதைத் தவிர்ப்பதே நன்று. இந்தியத் தரமான ஐஎஸ் 15477, 2004-இல் வெளியாகி 2019-இல் திருத்தப்பட்டது. ஒட்டுப்பொருள் மூட்டைகளில் காணப்படும் வகை எண் அதைச் சார்ந்தது. டைல் எவ்வளவு நீர் உறிஞ்சும் என்பதை முதலில் கேட்டறிந்து, அதற்கேற்ற வகை எண்ணைப் பார்த்த பின்னரே வீடு கட்டுவோர் மூட்டையை வாங்க வேண்டும்.